நாட்டுக்குரங்கின் வாழிடமும் பரவலும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தை முன்வைத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

விலங்கொன்று எந்தெந்த ஊர்களில், எந்தெந்த மலைகளில், எந்த ஆற்றுக்கு இப்பால் அல்லது அப்பால் வாழ்கிறது என்று சொல்வது அதன் பரவல். அவ்விடத்தில் அது எதைத் தின்று, எங்கே உறங்கி, எதை அஞ்சி வாழ்கிறது என்று சொல்வது அதன் வாழிடம். பரவலை நிலப்படத்தில் கோடிட்டுக் காட்டிவிடலாம். வாழிடத்தை அவ்வாறு காட்ட முடியாது, ஏனெனில் கோட்டுக்குள் அடங்கும் நிலம் முழுவதும் அவ்விலங்குக்கு ஏற்றதாக இருப்பதில்லை. குரங்குகளைப் பற்றிய ஆய்வில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால் விளைந்த பிழைகள் பல. அவற்றுள் பெரியது, தமிழகத்தில் எங்கும் காணக்கூடியது என்று எல்லாரும் நம்பியிருந்த நாட்டுக்குரங்கை நெடுங்காலம் எண்ணாமலே விட்டது. காட்டின் ஆழத்தில் வாழும் அரிய குரங்குகளை எண்ணுவதற்குச் செலுத்திய அக்கறையைச் சாலையோர ஆலமரத்துக் குரங்குக்கும் செலுத்த வேண்டும் என்பதும், அப்பணி வல்லம் வடகால் போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் தொடங்குவதே பொருத்தம் என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து.

தமிழகத்துக்கு உரிய குரங்கினங்கள் நான்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டும் வாழும் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு, அதே மலைகளில் சற்றுப் பரந்து வாழும் கருமந்தி என்னும் நீலகிரி மந்தி, வறண்ட காடுகளில் வாழும் நீண்ட வாலுடைய சாம்பல் மந்தி, கடற்கரையிலிருந்து மலைச்சரிவு வரை ஊரிலும் காட்டிலும் வாழும் நாட்டுக்குரங்கு ஆகியன அவை. தேவாங்கும் முதனி வரிசையைச் சேர்ந்ததே ஆயினும் குரங்கு ஆகாது. நாய்போல் நீண்ட முகமுடைய பபூன்கள் ஆப்பிரிக்காவுக்கும் அரபு நாட்டின் தென்மேற்கு மூலைக்கும் உரியவை. இந்தியக் காடுகளில் அவை இல்லை. நாட்டுக்குரங்கின் தலையுச்சி மயிர் நடுவிலிருந்து வட்டமாகச் சரிந்து தொப்பி அணிந்தாற்போல் தோன்றுவதால் அதைக் குல்லாய்க் குரங்கு என்றும் நூல்கள் வழங்கும். மக்காக்கா ரேடியாட்டா என்பது அதன் அறிவியற்பெயர். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இது வாழ்வதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் அன்றாடம் கண்ணில் படும் விலங்கு உலக அளவில் குறுகிய எல்லைக்குள் அடங்கியது என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி.

அரிய இனங்களைப் பொறுத்தவரை கணக்கெடுப்பின் பயன் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஸ்டீவன் கிரீன், காரன் மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் 1970களின் முற்பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்து அகத்தியமலைத் தொடரில் சிங்கவால் குரங்கை ஆராய்ந்து, அதன் மழைக்காடு துண்டு துண்டாகி வருவதை எடுத்துக்காட்டினர்; களக்காடு சரணாலயம் 1976இல் அமைவதற்கு அவ்வகை ஆய்வுகள் துணைநின்றன. ஆனைமலையின் வால்பாறை மேட்டு நிலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிக்கிய சிறு காட்டுத் துண்டுகளில், குறிப்பாகப் புதுத்தோட்டத்தில், சிங்கவால் குரங்குக் கூட்டங்களைத் தொடர்ந்து எண்ணி வந்ததால்தான் சாலையைக் கடக்கையில் அவை அடிபடுவது புலப்பட்டு, மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. கர்நாடகத்தின் சிர்சி – ஹொன்னாவர மலைக்காடுகளில் ஹொன்னவள்ளி குமாரா, மேவா சிங் ஆகியோர் நடத்திய கணக்கெடுப்பில், அதுவரை அறியப்படாத அளவுக்குப் பெரிய சிங்கவால் குரங்குத் தொகை வெளிப்பட்டு, பின்னர் அப்பகுதி அகநாசினி என்னும் பெயரில் பாதுகாப்புப் பகுதியாக்கப்பட்டது. நடந்து தேடினால் புதியன கிடைக்கும், நடந்து எண்ணினால் பாதுகாப்பு பிறக்கும் என்பதற்கு இவை சான்று. நாட்டுக்குரங்குக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

குரங்குகளின் பரவலை அறியும் முயற்சி இந்தியாவில் துப்பாக்கியோடும் பாடம் செய்த தோலோடும் தொடங்கிற்று. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன் 1867இல் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911 முதல் 1923 வரை நடத்திய பாலூட்டி ஆய்வில் நாடெங்கும் உயிர்ப்பொருள்கள் திரட்டப்பட்டு, ஒவ்வொரு தோலிலும் ஊர்ப்பெயரும் தேதியும் எழுதிய சீட்டுக் கட்டப்பட்டது. நாட்டுக்குரங்கின் பழைய நிலப்படம் பெரும்பாலும் இச்சீட்டுகளிலிருந்தே வரையப்பட்டது. வயிற்றுப்புறம் கருத்தது வடக்கிலும் மேற்கிலும், வெளுத்தது தென்கிழக்கிலும் வாழ்வதைக் கண்டு, வெளுத்ததை 1931இல் ரெஜினால்டு போகாக் தனித் துணையினமாக வகுத்ததும் அத்தகைய சேகரிப்புகளின் துணையால்தான். சீட்டு தரும் செய்தி உறுதியானது, ஆயினும் மெலிந்தது: அந்த ஊரில் அந்த நாளில் ஒரு குரங்கு இருந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் பெற முடியாது. எத்தனை இருந்தன, எந்த மரத்தில் உறங்கின, அடுத்த ஆண்டும் இருந்தனவா என்ற கேள்விகளுக்குத் தோல் விடை சொல்லாது.

உயிருள்ள குரங்கை, சுடாமல், அது வாழும் இடத்திலேயே எண்ணும் முறையை உலகுக்குக் கற்பித்தவர் கிளாரன்ஸ் ரே கார்பென்டர். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஊளைக்குரங்குகளைக் கூட்டம் கூட்டமாகப் பின்தொடர்ந்து எண்ணி அவர் 1934இல் வெளியிட்ட ஆய்வு, தனிக்குரங்கை விடுத்துக் கூட்டத்தையே எண்ணிக்கையின் அலகாகக் கொள்ள வேண்டும் என்பதை நிலைநாட்டியது. எத்தியோப்பியாவில் ஹமத்ரியாஸ் பபூன்களை ஆராய்ந்த ஹான்ஸ் கும்மர், பகலில் சிறு சிறு குழுக்களாகச் சிதறித் திரியும் அவை இரவில் செங்குத்துப் பாறைகளில் ஒன்றுகூடி உறங்குவதைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்திக்கொண்டார். பாறை குறைவான வறண்ட நிலத்தில் உறங்குமிடமே அவ்விலங்கின் பரவலை வரையறுக்கிறது என்னும் இவ்வுண்மை, மரம் குறைந்துவரும் சமவெளிக் குரங்குகளுக்கும் பொருந்துவதை இச்சொற்பொழிவின் பின்பகுதி காட்டும்.

இந்தியச் சூழலுக்கு நெருக்கமான முன்மாதிரி அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. சார்லஸ் சவுத்விக், மிர்சா அஸார் பேக், ரஃபீக் சித்திக்கி ஆகிய மூவர் 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்தில் செம்முகக் குரங்குகளைக் கணக்கெடுத்தபோது, நிலத்தைக் காடு என்றும் நாடு என்றும் இரண்டாகப் பிரித்து நிறுத்திக்கொள்ளவில்லை. சிற்றூர், நகரம், கோயில், சாலையோரம், கால்வாய்க்கரை, இரயில் நிலையம், காடு என்று தனித்தனி வாழிடங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கூட்டங்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை கடுவன், எத்தனை மந்தி, எத்தனை குட்டி என்று குறித்தனர். (கடுவன் என்பது வளர்ந்த ஆண், மந்தி என்பது இவ்விடத்தில் வளர்ந்த பெண்.) போலியோ தடுப்பூசிக்காகவும் பிற ஆய்வுகளுக்காகவும் செம்முகக் குரங்குகள் ஆண்டுதோறும் பெருந்தொகையாக ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலம் அது. குட்டிகளுக்கும் வளர்ந்தவற்றுக்கும் இடைப்பட்ட இளங்குரங்குகள் பல கூட்டங்களில் மிகக் குறைந்திருந்ததை அக்கணக்கெடுப்பு வெளிப்படுத்தியது. பிடித்துச் செல்வோர் விரும்பிப் பிடித்த பருவம் அதுவே. அலிகர் மாவட்டத்தில் அதே கூட்டங்களை ஆண்டாண்டாகத் திரும்ப எண்ணியதால் வீழ்ச்சியின் வேகம் தெரிந்தது. 1978இல் இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்த பின் தொகை மீண்டதும் அதே கணக்கில் தெரிந்தது. ஒருமுறை எண்ணுவது செய்தி, திரும்பத் திரும்ப எண்ணுவதே அறிவியல் என்பதற்கு இதைவிடத் தெளிந்த இந்தியச் சான்று கிடைப்பது அரிது.

தெற்கே நாட்டுக்குரங்கைப் பற்றிய களஆய்வு 1960களில் தொடங்கிற்று. பால் சைமண்ட்ஸ் மைசூர், பெங்களூர்ப் பகுதிகளில் ஆராய்ந்து 1965இல் வெளியிட்டார். ரகமான், பார்த்தசாரதி ஆகிய இருவர் பெங்களூரில் அதன் தொகையைக் கணக்கெடுத்தனர். பின்னர் மேவா சிங்கும் அவரோடு பணியாற்றியோரும் மைசூரைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளை 1989இல் கணக்கெடுத்து, அதே சாலைகளை 2001, 2009 என்று மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தனர். இருபது ஆண்டுகளில் சாலையோரக் கூட்டங்களும் குரங்குகளும் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. சாலையை அகலப்படுத்த ஆலும் அரசும் வெட்டப்பட்டதும், வயல்களின் பயிர்முறை மாறியதும், தொல்லை என்று கருதிக் கூட்டங்களைப் பிடித்து வேறிடம் கொண்டுபோய் விட்டதும் காரணங்கள் என்று ஆய்வாளர் கண்டனர். காட்டில் எஞ்சியிருக்கும் என்று நம்புவதற்கும் இடமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இக்குரங்கின் அடர்த்தி மிகக் குறைவு என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஊரோடும் சாலையோடும் ஒட்டி வாழப் பழகிய இவ்வினத்துக்கு ஊரும் சாலையுமே தலையாய வாழிடம்; அது கெட்டால் பின்வாங்கிப் போய்ச் சேரக் காடு காத்திருக்கவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நெடுநாள் கவலைக்கு இடமில்லாத இனம் என்ற பட்டியலில் வைத்திருந்த நாட்டுக்குரங்கை இப்போது அழிவாய்ப்புள்ள இனம் என்னும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறது.

வடக்கிலிருந்து வரும் நெருக்கடி வேறு வகை. செம்முகக் குரங்கும் நாட்டுக்குரங்கும் நெருங்கிய உறவினங்கள். அவற்றின் எல்லை மேற்கே தபதி ஆற்றையும் கிழக்கே கோதாவரி ஆற்றையும் ஒட்டிச் செல்வதாக 1981இல் ஜாக் ஃபூடன் முதலியோர் வரையறுத்தனர். சிந்து ராதாகிருஷ்ணா, அனிந்தியா சின்ஹா ஆகியோர் பங்கேற்று 2011இல் வெளியான ஆய்வு, செம்முகக் குரங்கு அந்த எல்லையைக் கடந்து தெற்கே இறங்கிவிட்டதையும், அது சென்ற இடங்களில் நாட்டுக்குரங்கு விலகிப்போனதையும் எடுத்துக்காட்டியது. வடபுலக் குரங்கு உடலாற்றலில் மிக்கது. நகர வாழ்வுக்கு விரைவில் பழகுவது. அது தானே நடந்து வருவதோடு, பிடித்து லாரியில் ஏற்றிக் கண்காணாத இடத்தில் இறக்கிவிடும் மனிதச் செயலாலும் பரவுகிறது. ஆகவே சமவெளியில் குரங்குக் கூட்டத்தைக் காணும் ஆய்வாளர் எண்ணிக்கையோடு நில்லாமல், தலைமயிரின் அமைப்பையும், இடுப்புக்குக் கீழ்ப்பட்ட செம்பட்டை நிறத்தையும், வாலின் நீளத்தையும் பார்த்து இனத்தை உறுதிசெய்ய வேண்டும். செம்முகக் குரங்கின் வால் உடல் நீளத்தில் பாதியளவே இருக்கும். நாட்டுக்குரங்கின் வாலோ உடலுக்கு நிகராகவோ அதைவிடவோ நீளும். கூட்டத்தில் கலந்து வாழும் வேற்றினக் கடுவன் ஒன்றிரண்டு இருந்தால் அதுவே எல்லை நகர்வதற்கான முதல் அறிகுறி.

இப்பின்னணியோடு ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தைப் பார்க்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் இப்பகுதி ஏரிகளால் ஆனது. பாலாற்றுக்கு வடக்கே நிலம் மெல்லச் சரியும் போக்கில் மேல் ஏரியின் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்கு நீர் தரும் சங்கிலி ஏரிகளும், அவற்றின் கரைகளில் பனையும், கரையடியில் கோயிலும், கோயிலையொட்டி ஆல், அரசு, வேம்பு, புளி, நாவல் ஆகிய மரங்களும், ஊருக்கு வெளியே மேய்க்கால் புறம்போக்கும், ஆங்காங்கே கரடும் முட்புதரும் கொண்ட நிலம் இது. சோழமண்டலக் கடற்கரைச் சமவெளிக்கு உரிய உலர் பசுமைமாறாக் காடு என்னும் குட்டை மரக்காட்டின் எச்சங்கள் கிழக்கே வண்டலூர் முதலிய காப்புக்காடுகளில் இன்றும் உண்டு. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலை ஒரகடத்தின் வழியே போகிறது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலை அதை அங்கே குறுக்கே வெட்டுகிறது. காட்டுத் துண்டுகளையும் ஊர்த் தோப்புகளையும் இணைத்திருந்தவை இத்தகைய சாலைகளின் நிழல் மரங்களே.

நாட்டுக்குரங்கின் உணவுக் காலத்தை இவ்வட்டாரத்து மரங்களைக் கொண்டே படித்துவிடலாம், அதனால் இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். மாசி, பங்குனியில் புளியம்பழம் முதிரும். குட்டிகள் பெரும்பாலும் பிறக்கும் பருவமும் அதையொட்டியே அமைகிறது. கோடையின் கடுமை கடந்து ஆனி, ஆடியில் வேப்பம்பழமும் நாவற்பழமும் உதிரும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்தபின் தளிரும் பூச்சியும் பெருகும். இவற்றுக்கு இடைப்பட்ட வெற்றுக் காலங்களில் கூட்டத்தைத் தாங்குபவை ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகிய அத்திக் குடும்ப மரங்கள். மற்ற மரங்கள் ஊர் முழுக்க ஒரே பருவத்தில் காய்க்க, இவை மரத்துக்கு மரம் வெவ்வேறு காலத்தில் காய்க்கும். காய்க்குள்ளேயே பூத்து, காய்க்குள் புகுந்து முட்டையிடும் நுண்ணிய குளவியால் மட்டும் மகரந்தம் பெறுவதால், அக்குளவியின் தலைமுறை அறாமலிருக்க ஏதேனும் ஒரு மரம் எப்போதும் காய்த்துக்கொண்டிருந்தாக வேண்டும் என்பது இதன் காரணம். எனவே பத்து ஆலமரங்கள் பரவியிருக்கும் வட்டாரத்தில் ஆண்டின் எந்த மாதத்திலும் பழுத்த ஆல் ஒன்று இருக்க வாய்ப்புண்டு. அவற்றில் ஏழை வெட்டினால் எஞ்சும் மூன்றும் பழுக்காத மாதங்கள் தோன்றும். மரம் வெட்டுவதன் இழப்பை மரத்தின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது, பழமில்லாத மாதங்களின் எண்ணிக்கையாலும் அளக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

உணவோடு உறக்கமும் உண்டு. நாட்டுக்குரங்கு இரவில் உயர்ந்த, கிளை பரந்த மரங்களில் உறங்கும்; சிறுத்தை மறைந்துவிட்ட சமவெளியிலும் நாய்க்கு அஞ்சி உயரம் தேடும். மேய்க்கால் நிலங்களிலும் ஏரி உட்பகுதிகளிலும் அடர்ந்துவிட்ட சீமைக்கருவேலம் தழைத்துப் பசுமையாகத் தோன்றினாலும் கூட்டத்துக்கு உறங்குமிடம் ஆகாது. துணைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் வாழிடம் என்று கொள்ளும் கணினி வழிப் பரவல் கணிப்புகள் இவ்விடத்தில்தான் தவறுகின்றன.

தொழில் வளர்ச்சி இவ்வட்டாரத்தை ஒரு தலைமுறைக்குள் மாற்றியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தமிழக அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட்டின் பேட்டைகள் விரிந்து மோட்டார் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகளால் நிறைந்தன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகச் சிப்காட் கட்டிய 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாட்டுப்புறச் சிற்றூர் ஒன்றின் எல்லைக்குள் சிறு நகரத்து மக்கள்தொகை வந்து சேர்ந்திருக்கிறது என்று இதைச் சொல்லலாம். இவ்வேலைவாய்ப்புகளின் அருமையை யாரும் மறுக்க இயலாது; வட தமிழகத்துச் சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் முதன்முதலாகத் தம் கையில் ஊதியம் பெறுவது இங்கேதான். குரங்கின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மாற்றம் மூன்று வழிகளில் வேலை செய்கிறது. இருவழிச் சாலைகள் நான்கும் ஆறும் வழிகளாக விரிந்தபோது இரு பக்கத்துக் கிளைகளும் மேலே கைகோத்திருந்த கூரை போயிற்று. மரம் விட்டு மரம் தாவிக் கடந்த இடத்தைத் தரையில் இறங்கிக் கடக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதாக, நெடிய சுற்றுச்சுவர்களும் முள்வேலிகளும் கூட்டத்தின் நாள்வழியைத் துண்டித்தன. உயர் அழுத்த மின்கம்பிகள் கிளைக்கு மாற்றாகக் கையில் அகப்பட்டன. மூன்றாவதாக, உணவு விடுதிகள், தேநீர்க் கடைகள், குப்பை மேடுகள் ஆகியவற்றின் மிச்சம் ஆண்டு முழுவதும் கிடைக்கத் தொடங்கியது.

இம்மூன்றும் ஒரே திசையில் இழுப்பதில்லை என்பதே கணக்கெடுப்பைக் கடினமாக்குகிறது. மிச்ச உணவு கிடைக்கும் இடத்தில் ஒரு கூட்டம் பெருத்து, ஊரார் கண்ணுக்குக் குரங்கு கூடிவிட்டதாகத் தோன்றும். அதே காலத்தில் சுற்றுவட்டத்தில் பல சிறு கூட்டங்கள் அழிந்திருக்கக்கூடும். நாட்டுக்குரங்குக் கூட்டத்தில் மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாளைக் கழிக்க, கடுவன்களே வளர்ந்தபின் கூட்டம் விட்டுக் கூட்டம் செல்கின்றன. ஒரு கூட்டத்தின் குருதி மற்றொன்றோடு கலப்பது அவற்றின் பயணத்தால்தான். சாலையைக் கடக்க முடியாத கடுவன் அடிபட்டு இறக்கலாம், அல்லது பிறந்த இடத்திலேயே தங்கலாம். இரண்டாலும் கூட்டங்கள் தனித்தனித் தீவுகளாகின்றன. தொகை குறையாமலே வளம் குன்றும் இந்நிலையை வெறும் தலைக்கணக்கு காட்டாது. ஆகவே கணக்கெடுப்பில் கூட்டங்களின் எண்ணிக்கையும், அவற்றுக்கிடையே உள்ள தொலைவும், கடுவனுக்கும் மந்திக்கும் உள்ள விகிதமும் இன்றியமையாதவை. நாட்டுக்குரங்குக் கூட்டத்தில் வளர்ந்த கடுவன்கள் பலவாக, ஏறத்தாழ மந்திகளுக்கு இணையாகவே இருப்பது இயல்பு; சிங்கவால் குரங்குக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். கடுவன் அருகிய நாட்டுக்குரங்குக் கூட்டம் கண்ணில் பட்டால் அங்கே ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

எண்ணும் முறைகளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். காட்டில் வழக்கமாகக் கையாளப்படுவது நேர்கோட்டுத் தட முறை: முன்கூட்டியே குறித்த நேர்கோட்டில் நடந்து, கண்ட கூட்டம் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்று அளந்து, தொலைவு கூடக்கூடக் கண்ணில் படும் வாய்ப்புக் குறைவதைக் கணக்கிட்டு அடர்த்தியை மதிப்பிடுவது. சுவர்களும் வேலிகளும் நிறைந்த தொழிற்பேட்டையில் நேர்கோட்டில் நடக்க இயலாது. சாலைகளும் மரங்களைத் தொடர்ந்தே செல்வதால் சாலைவழிக் கணக்கு நிலம் முழுமைக்கும் பொருந்தாது. இங்கே ஏற்றது இருப்பு முறை. வட்டாரத்தை ஒரே அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பலமுறை சென்று, குரங்கு கண்ணில் பட்டதா இல்லையா என்று மட்டும் குறிப்பது இதன் அடிப்படை. ஐந்து முறை சென்றதில் இரண்டு முறை மட்டும் காணப்பட்டால், இருந்தும் காணாமற்போகும் வாய்ப்பு எவ்வளவு என்பது அதிலிருந்தே கிடைத்துவிடும். அதைக் கொண்டு ஒருமுறையும் காணாத கட்டங்களில் உண்மையில் குரங்கு இல்லையா என்பதை மதிப்பிடலாம். குரங்கு இல்லாத கட்டத்தைப் பதியாமல் விடும் பழக்கமே நம் நாட்டுப் பரவல் படங்களின் பெருங்குறை. இல்லாமையும் நாளிட்டுப் பதியப்பட்டால்தான் பின்னால் வருவோர் இழப்பை அறிய முடியும்.

அண்மையில் இலங்கையில் நடந்த பெருங்கணக்கு இங்கே பாடமாகும். பயிர்களை அழிக்கும் விலங்குகளை அறியும் நோக்கோடு 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம் நாட்டு மக்கள் எல்லாரும் தத்தம் வீட்டிலும் வயலிலும் கண்ட குரங்கு, மயில், மர அணில் முதலியவற்றை எண்ணிப் படிவத்தில் எழுதித் தருமாறு அரசு கேட்டது. அதன்வழி அறிவிக்கப்பட்ட செங்குரங்குகளின் தொகை 50 இலட்சத்துக்கும் மேல். அதே குரங்கு இலங்கைக்கு மட்டுமே உரியது என்பதும், உலக அளவில் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பது என்பதும், பொலன்னறுவையில் வுல்ஃப்காங் டிட்டஸ் 1968 முதல் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்தவர் என்பதும் நோக்கத்தக்கவை. மக்களை எண்ணச் சொன்ன எண்ணம் நல்லது. தன் தென்னையில் இளங்காய் இழந்த உழவரின் குறையைக் கேட்கும் வழியும் அதுவே. ஆயினும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரே கூட்டத்தை அடுத்தடுத்த இரண்டு தோட்டத்தாரும் எழுதியிருக்க முடியும். மனிதர் இல்லாத காட்டில் இருந்தவற்றை ஒருவரும் எழுதியிருக்க முடியாது. எத்தனை முறை ஒரே கூட்டம் எண்ணப்பட்டது என்று அறிய வழியில்லாத கணக்கில் பிழையின் அளவையும் அறிய வழியில்லை. வல்லம் வடகாலில் மக்களின் துணையோடு எண்ணுவதானால் வினாவை மாற்றிக் கேட்க வேண்டும்: எத்தனை குரங்கு என்று கேட்பதைவிட, எந்த மரத்தில் இரவு தங்குகின்றன, எந்த ஆண்டிலிருந்து வரவில்லை, எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று கேட்பது நம்பத்தக்க விடை தரும். உறங்கும் மரம் இடம் மாறாதது. அதைச் சரிபார்க்க விடியலுக்கு முன் ஒருமுறை போனால் போதும். கூட்டம் மரத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும் அவ்வேளையில் எண்ணினால் இரட்டைக் கணக்கும் நேராது. கும்மர் பாறையடியில் செய்ததைப் புளியமரத்தடியில் செய்வதுதான் இது.

யாரைக் கேட்பது என்பதும் முறையின் ஒரு பகுதி. சாலைப் புளியமரங்களின் மகசூலை நெடுஞ்சாலைத் துறையிடம் ஏலம் எடுத்துக் காத்தவர்களுக்கு எந்த மரம் எப்போது வெட்டப்பட்டது என்பதும் எந்தக் கூட்டம் எந்த மரத்துக்கு வந்தது என்பதும் தெரியும்; குரங்கை விரட்டுவது அவர்கள் வேலையில் ஒரு பங்காக இருந்தது. ஆடு மேய்ப்போர், ஏரி நீர் திறந்துவிடும் நீர்க்கட்டிகள், கோயில் பணியாளர்கள், தொழிற்சாலைகளில் இரவு முறைக் காவல் பார்ப்போர் ஆகியோர் ஒவ்வொருவரும் நாளின் ஒவ்வொரு வேளையைக் காண்பவர்கள். செங்கல்பட்டுப் பகுதி இருளர்களின் காட்டறிவு அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்று. 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவ்வறிவு முறையான தொழிலாக அமைந்ததற்குச் சான்று. குரங்குக் கணக்கெடுப்பிலும் அவர்களுக்கு வழிகாட்டியர் என்ற நிலையும் அதற்குரிய ஊதியமும் அமைய வேண்டும். அவர்கள் சொன்னதை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் நன்றியுரையில் சேர்ப்பது நேர்மையாகாது.

தொல்லை கொடுக்கும் கூட்டத்தைப் பிடித்து வண்டலூர்க் காட்டிலோ தொலைவில் மலையடியிலோ விட்டுவிட வேண்டும் என்னும் கோரிக்கை இவ்வட்டாரத்திலும் எழக்கூடியது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி வனத்துறையின் இசைவின்றி அவ்வாறு செய்வது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அது தீர்வும் ஆகாது. புதிய இடத்தில் முன்னமே வாழும் கூட்டம் வந்தவற்றை விரட்டும். விரட்டப்பட்டவை அருகிலுள்ள ஊரை அடையும். பழைய இடத்தில் மிச்ச உணவு இருக்கும்வரை வேறொரு கூட்டம் வந்து நிரப்பும். நோயும் உடன்செல்லும். 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் இறந்து விழுந்ததைத் தொடர்ந்து கண்டறியப்பட்ட உண்ணிவழிக் காய்ச்சல் நாட்டுக்குரங்கையும் சாம்பல் மந்தியையும் தாக்குவது. குரங்கு இறப்பைப் பதிவதே அந்நோய்க்கு முதல் எச்சரிக்கை. எங்கே எந்தக் கூட்டம் வாழ்கிறது என்ற படம் கையில் இருந்தால்தான் இடம்பெயர்த்தல் எங்கே நடந்தது என்பதையும் இறப்பு எங்கே நேர்ந்தது என்பதையும் அறிய முடியும். அதுவரை குப்பைத் தொட்டிக்கு மூடியிடுவதும், உணவு விடுதிகளின் மிச்சத்தை அன்றன்றே அகற்றுவதும், குரங்குக்குத் தின்பண்டம் வீசுவதை நிறுத்துவதும் பிடிப்பதைவிடப் பயன் தரும்.

பதிவேடு எங்கே இருக்க வேண்டும் என்பது இறுதியாக முடிவு செய்யப்பட வேண்டியது. உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002 ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவையும், அதன் பொறுப்பில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் ஏற்படுத்தியிருக்கிறது. வல்லம் வடகால், வல்லக்கோட்டை, ஒரகடம் முதலிய ஊர்களுக்குரிய ஊராட்சிகளின் அப்பதிவேட்டில் ஒவ்வொரு பெரிய ஆல், அரசு, புளி மரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சர்வே எண், மரத்தின் சுற்றளவு, பழுக்கும் மாதங்கள், உறங்கும் கூட்டம் உண்டா, அதில் கடுவன், மந்தி, குட்டி எத்தனை, இனம் எது, பார்த்த நாள் எது என்னும் கட்டங்களை நிரப்பினால் போதும். நெடுஞ்சாலை விரிவுக்காக மரம் வெட்ட அனுமதி கோரப்படும்போது அனுமதி வழங்குவோர் முன் வைக்கத்தக்க ஆவணமாகவும் அப்பக்கம் ஆகும். பட்டுப்போன அல்லது வெட்டுண்ட மரத்தின் பக்கத்தைக் கிழித்துவிடாமல், வெட்டிய நாளையும் அங்கு உறங்கிய கூட்டம் பின்னர்க் காணப்பட்ட இடத்தையும் அதிலேயே எழுதி வைக்க வேண்டும். சிப்காட் வளாகங்களுக்குள் எஞ்சியுள்ள பழைய மரங்களுக்கும் இதே பக்கங்கள் வேண்டும், ஏனெனில் சுவருக்கு உட்பட்ட மரமும் கூட்டத்தின் வழியில் ஒரு தங்குமிடமே. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பங்குனியில் குட்டிகள் தாய்வயிற்றைப் பற்றியிருக்கும் நாள்களில், அதே மரங்களுக்கு அதே படிவத்தோடு திரும்பச் சென்று எண்ணும் பொறுப்பை வட்டாரக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் துறைகள் ஏற்கலாம்.